நிமிடத்துக்கு ஐந்து குடம்

கொல்லிமலை ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டதாகத் தகவல் வந்து, டூல்ஸ் பெட்டியோடு ஜீப்பில் போனேன். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாட்டர் பம்பின் பேரிங் உடைந்து, சீல் கிழிந்து, இருந்த தண்ணீரெல்லாம் ரோட்டில் கோடாக ஓடியிருந்தது. "முள்ளு கடைசி வரைக்கும் கீழதாண்ணே இருந்துச்சு" என்றார் டிரைவர். அவர் பொய் சொல்லவில்லை. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வடிந்து அந்த இடத்தில் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிவிடும். ஹெட்டைக் கழற்றியபோது விரிசல் இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் ஓடியிருந்தது.

மலைப்பாதையில் ஓரங்கட்ட இடம் கிடைத்தது, ஆகாயத்தில் கிடைக்காது. கார் எஞ்சினைக் கழற்றி, தாமே கொட்டகையில் கட்டிய விமானத்தில் மாட்டிப் பறக்கிறவர்களைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, நான் முதலில் தேடியது அவர்கள் தண்ணீரை எப்படிச் சுற்றவிட்டார்கள் என்பதைத்தான்.

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்களைத் தூக்கிய எஞ்சினில் வாட்டர் பம்பே கிடையாது. டேட்டன் நகரில் அவர்களுடைய சைக்கிள் கடையில் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் உருவாக்கிய நாலு சிலிண்டர் எஞ்சின் அது. சூடான நீர் லேசாகி மேலே போகும், ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சியை நம்பி விட்டுவிட்டார்கள். ஸ்டார்ட் செய்த சில நொடிகளுக்கு 16 குதிரைத்திறன் தந்த எஞ்சின், சூடேறியதும் 12க்கு இறங்கிவிடும். அன்றைய நான்கு பறத்தல்களில் நீளமானது 59 நொடி. அதற்கு அது போதும். நெடுநேரம் பறக்கவேண்டி வந்தபோது அவர்களே பிந்தைய எஞ்சினில் பம்ப் வைத்தார்கள்.

என் மனசுக்கு நெருக்கமானவர் பெர்னார்ட் பீட்டன்பால். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊர்க்காரர். தானாகவே தொழில் கற்றுக்கொண்ட மெக்கானிக். கார் எஞ்சின் விமானத்துக்கு ஆகாது என்று மினியாபொலிஸ் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் சொல்லிவந்தார். பீட்டன்பால் 1930இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சின் பூட்டி, தான் கட்டிய ஏர் கேம்பர் விமானங்கள் இரண்டை மினியாபொலிஸுக்கே கொண்டுபோய் இறக்கிக் காட்டினார். 1932இல் அதே பத்திரிகை நிறுவனத்தின் கையேட்டில் அந்த விமானத்தின் வரைபடம் வெளிவந்தது. இன்றும் அதைப் பார்த்து விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி வைத்தார். காரில் கியர்பாக்ஸ் பக்கம் இருந்த முனை புரொப்பெல்லரைப் பிடித்தது. பம்ப் இருந்த முனை பயணியின் பக்கம் வந்தது. ரேடியேட்டர் அங்கேயே, எஞ்சினுக்கு மேலே நெட்டுக்குத்தாக நின்று பார்வையை மறைத்தது. மாடல் ஏ பம்பில் இன்றைய சீல் கிடையாது. நம் ஊர்க் கிணற்றடி மோட்டாரில் கிளாண்ட் கயிறு அடைப்போமே, அதே வேலைதான். நட்டை அதிகம் முறுக்கினால் ஷாஃப்ட் தேயும், தளர்த்தினால் ஒழுகும். அந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கையோடு 40 குதிரைத்திறனில் இரண்டு பேரை ஆகாயத்தில் ஏற்றியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்றாலேயே குளிரும் கான்டினென்டல், லைக்கமிங் எஞ்சின்கள் பரவலாகக் கிடைத்தன. தண்ணீரின் தேவை குறைந்தது. பீட்டன்பாலே 1960களில் காற்றில் குளிரும் கொர்வேர் கார் எஞ்சினுக்கு மாறிவிட்டார். ஆனால் விமான எஞ்சினின் விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாதபோது சுபாரு, மஸ்டா, சுசுகி என்று கார் எஞ்சின்கள் திரும்பக் கொட்டகைக்குள் வந்தன. கூடவே பழைய தொல்லையும் வந்தது. ரோட்டில் கார் எஞ்சின் முழுத்திறனில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். விமானத்தில் அது மணிக்கணக்கில் உயர் வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் பம்பின் இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளாமல் ஆவிக் குமிழிகளைக் கிளப்பும். பெரிய புல்லி போட்டு பம்பின் வேகத்தைக் குறைத்தார்கள். நெருக்கமான எஞ்சின் மூடிக்குள் பெல்ட்டுக்கு இடம் தேடுவதும் சிரமம்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 100 குதிரைத்திறன் எஞ்சின் தண்ணீருக்குள் ஏறக்குறைய 50 கிலோவாட் சூட்டைத் தள்ளுகிறது என்று வையுங்கள். தண்ணீர் 10 டிகிரி மட்டும் சூடேறி அதைச் சுமக்க, நிமிடத்துக்கு 70 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஐந்து குடம்.

டிராக் கார் ரேஸ்காரர்கள் தண்ணீரைச் சுற்றவிடும் வேலையை மின்மோட்டாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓடும் என்பது அவர்களுக்கு லாபம். 2000களில் பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் எஞ்சினும், அடுத்து மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரும் மின்பம்ப் போட்டு வந்தபோது, விமானம் கட்டுகிறவர்களுக்கும் அந்தப் பம்ப் எளிதாகக் கிடைத்தது. ரேடியேட்டருக்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், பெல்ட் வேண்டாம். ஆனால் எஞ்சினின் உயிர் இரண்டு ஒயரில் தொங்கும். ஆல்டர்னேட்டர் நின்றால், பம்ப், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கும்போது 18 ஆம்பியர்-மணி பேட்டரியை நான் அரை மணி நேரத்துக்கு மேல் நம்பமாட்டேன். அதனால் பலர் இரண்டு பேட்டரி, இரண்டு பம்ப் வைக்கிறார்கள். பக்கம் பக்கமாக வைத்தால் நின்றுபோன பம்ப் வழியாகத் தண்ணீர் திரும்பி ஓடும், ஒருவழி வால்வு வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நின்ற இம்பெல்லரின் ஊடே தண்ணீர் கொஞ்சம் தடைப்பட்டாலும் போய்விடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒட்டிக்கொள்ள அதில் வால்வு இல்லை.

சூட்டுமானியோடு தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் மானியும் வேண்டும். தண்ணீர் போனால் அழுத்தம் முதலில் விழும். கொல்லிமலையில் அந்த டிரைவருக்கு அப்படி ஒரு முள் இருந்திருந்தால் ஹெட் தப்பியிருக்கும்.

மின்பம்ப் வைத்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சாவியைத் திருப்பி, முதல் பம்பை மட்டும் போட்டு, ஹோஸின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஓடினால் ரப்பர் லேசாக அதிரும். பிறகு அதை அணைத்துவிட்டு இரண்டாவது. அதுவும் அதிர்ந்த பிறகுதான் ஏற வேண்டும்.