எழுத்தின் அளவும் ஏட்டின் பருமனும்

ஒரு நூலில் இரண்டு பக்கம் படித்ததும் கண் களைத்தால் நூலாசிரியரை நோகிறோம். சில வேளை நம் வயதை நோகிறோம். அச்செழுத்தின் அளவை நினைப்பவர் சிலரே. அவ்வளவைத் தீர்மானித்தது பெரும்பாலும் கண் அன்று, கடதாசியே என்பதைத் தமிழ் அச்சின் வரலாறு காட்டுகின்றது.

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட விழைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713 இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியன. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அவற்றாலேயே 1714 இல் அச்சாயின. அவ்வண்ணமே தொடர்ந்தால் கப்பலேறி வரும் கடதாசி போதாதென்பது தெளிவாயிற்று. ஆகவே ஆட்லர் என்பார் அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகட்டையும் உருக்கினார்கள் என்பர். எஞ்சிய பகுதி அச்சிற்றெழுத்தில் அச்சேறி, 1715 இல் நூல் நிறைவெய்தியது. ஒரே நூலுள் இரண்டு அளவுகள்! முற்பகுதியைப் பாட்டனும் பிற்பகுதியைப் பேரனும் படிக்கலாம்.

பின்னர் சிற்றெழுத்தே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகை, வின்சிலோ பாதிரியார் கையில் விரிந்து, 1862 இல் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் அகராதியாக வெளிவந்தது. அவ்வச்சகத்தை நடத்திய ஹண்ட், நேர்த்தியான சிற்றெழுத்துக்களை ஆக்குவித்தவர். அவையின்றி 67,000 க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்குதல் அரிது. அகராதிக்கு அது தகும்; ஒரு சொல்லைக் கண்டு மூடிவைக்கும் நூலன்றோ! தொடர்ந்து படிக்கும் உரைநடைக்கோ அச்சிக்கனம் கொடுமை. எழுத்துச் சிறுக்குந்தோறும் மெய்யின் புள்ளி மங்கும். ணகரத்தின் சுழிகள் மையால் அடைபடும். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் அடுத்த வரியோடு முட்டும்.

இணையப் பக்கத்திற்குக் கடதாசிச் செலவில்லை. உலாவிகள் தாமாகக் கொள்ளும் அளவு பொதுவாக 16 பிக்சல். சுழியும் விலங்கும் மலிந்த தமிழுக்கு 18 வைத்தாலும் மிகையன்று என்பது என் எண்ணம். வரிகளுக்கிடையிலும் தாராளமாக இடம் வேண்டும். ஆட்லர் எழுத்தைச் சுருக்கியதற்குக் காரணம் இருந்தது. 13, 14 பிக்சலில் தமிழை நெருக்கி வைப்போருக்கு அக்காரணமும் இல்லை. படிப்பவர் வேண்டுமாயின் பெருப்பித்துக்கொள்ளட்டும் என்பர் சிலர். பெருப்பித்ததும் வரி திரையின் விளிம்பைத் தாண்டி ஓடும் பக்கங்களும் உள. அங்கே ஒவ்வொரு வரியையும் விரலால் இழுத்து இழுத்தே படிக்க நேருகின்றது.