சுங்கச்சாவடி யாருக்குச் சொல்கிறது?

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாய் வழியாக இறங்குகிறது. மலைகளுக்கு நடுவே வண்டிகள் எல்லாம் ஒரே பாதையில் குவியும் இடம் அது. அருகிலேயே பாளையம் சுங்கச்சாவடி. வழிமறித்து வரி கேட்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். ஆனால் வரி கேட்பவர் வழிப்போக்கரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளைப் பெண்களின் நடமாட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நேரம் இது.

சங்க இலக்கியத்தில் சுங்கத்துக்கு உல்கு என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை உல்கு வாங்கும் பெருவழியையும், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகளையும், காவல் நிற்கும் வில்லாளிகளையும் காட்டுகிறது. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துப் பண்டங்கள்மீது புலி முத்திரை விழுகிறது. அந்த முத்திரை மூட்டைக்குத்தான். மூட்டை கொண்டுவந்த ஆளுக்கு இல்லை. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் நிலைத்ததிலிருந்து, சுங்கம் எவ்வளவு பெரிய பாரமாக இருந்தது என்று ஊகிக்கலாம். அது பணத்தின் பாரம்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் காதக்கல்லில் ‘அதியமான் பெருவழி’ என்றும், நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்றும் பொறித்திருக்கிறார்கள். எண்ணோடு குழிகளும் உண்டு: பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகள், மிச்சத்துக்கு ஒன்பது சிறிய குழிகள். எழுத்தறியாதவரும் எண்ணித் தெரிந்துகொள்ளலாம். எழுத்து மறுக்கப்பட்ட பெண்ணுக்கும் அந்தக் கல் தூரம் சொன்னது. அவள் யார் மகள், யாரோடு போகிறாள் என்று அது கேட்கவில்லை.

நடமாட்டத்தையே குற்றமாகப் பார்த்தது காலனிய அரசு. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் கொண்டுசென்ற குறவர் சமூகத்தின் தொழிலை, ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் சேர்ந்து நசுக்கியதை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. தொழில் போனபின் அலைவதே சந்தேகத்துக்கு உரியதாயிற்று. 1871-இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயர்ப் பதிவு, கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், ஊர் விட்டுப் போக அனுமதிச் சீட்டு. இந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்களின் போக்குவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் அதிகாரம் யார்மீது முதலில் பாயும் என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள பாடம் இது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். 2024 செப்டம்பரில் கட்டண விதிகள் திருத்தப்பட்டன: செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி பொருத்திய வண்டிக்கு ஒரு நாளில் ஒரு திசையில் முதல் 20 கிலோமீட்டர் இலவசம், அதற்குமேல் ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். பெங்களூரு–மைசூரு, பானிபட்–ஹிசார் சாலைகள் சோதனைக்குத் தேர்வாயின. 2025 மே முதல் நாடெங்கும் வரும் என்ற செய்தியை அமைச்சகம் ஏப்ரலில் மறுத்தது. ஆனால் விதி நூலில் இருக்கிறது.

ஓடிய தூரத்துக்கு மட்டும் பணம் என்பது நியாயமான கொள்கைதான். பக்கத்து ஊருக்குப் போகிறவரும் நெடுந்தூரம் போகிறவரும் ஒரே கட்டணம் கட்டுவது எப்படிச் சரியாகும்? சிக்கல் அளப்பதில் இல்லை, அளக்கும் முறையில் இருக்கிறது. ஃபாஸ்டேக்குக்கு ஒரு சாவடியைக் கடந்தது மட்டுமே தெரியும். இடமறியும் கருவிக்கோ இடைப்பட்ட திருப்பங்களும் நின்ற இடங்களும் தெரியும்.

யாருக்குத் தெரியும் என்பதில்தான் பெண்களின் கேள்வி தொடங்குகிறது. அந்தரங்கம் பற்றிய பொது விவாதம் அரசையும் நிறுவனங்களையும் பற்றியே பேசுகிறது. அதற்குக் காரணம் உண்டு. வாகனப் பதிவுத் தகவலை 87 தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதையும், அதில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்ததையும் 2019-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் பல வீடுகளில் வண்டி கணவர் பெயரில், அல்லது அப்பா பெயரில். ஃபாஸ்டேக்கோடு இணைந்த கைபேசி எண்ணும் அவருடையதே. மனைவி சாவடியைத் தாண்டியதும் இடமும் தொகையும் குறுஞ்செய்தியாக அவர் கைக்குப் போய்விடும். மாலையில் “அங்கே எதுக்குப் போன?” என்று கேட்க அவருக்கு வேறு ஒற்றர் தேவையில்லை.

இதற்குச் சட்டத்தில் காப்பு இல்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குத் தான் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே விலகிக்கொள்கிறது. வீட்டு வாசலில் சட்டம் நின்றுவிடுவது பெண்களுக்குப் பழகிய கதை.

அகப்பாடல்களில் உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் போகிறாள். எதிரே வருகிறவர்களிடம் விசாரிக்கிறாள். கலித்தொகையில் அந்தக் கண்டோர், மகள் தேர்ந்த வாழ்வை ஏற்கும்படி அவளுக்கு எடுத்துச் சொல்லித் தேற்றுகிறார்கள். இன்றைய கண்டோர் கேமராவும் கருவியும். கேட்கிறவர் அன்போடு தேடுகிறாரா, கொல்லத் தேடுகிறாரா என்று அவை ஆராய்வதில்லை. சாதி தாண்டிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பரில் நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகளை எரித்த மாவட்டம் இது. இங்கே வீட்டை விட்டுப் போகிற பெண்ணுக்கு, வண்டி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்ற தகவல் உயிர் பற்றிய தகவல்.

கண்காணிப்பால் நன்மையே இல்லையா? உண்டு. 2015-இல் நடந்த திருச்செங்கோட்டு இளைஞர் கொலை வழக்கில் கோயில் கேமராப் பதிவு முக்கியச் சான்றாயிற்று. ஆனால் குற்றம் நடந்தபின் நீதிமன்றம் கேட்டுப் பெறும் பதிவு வேறு. எல்லோருடைய பயணத்தையும் எந்நேரமும் சேர்த்துவைப்பது வேறு.

இடத்தைப் பதியாமலே தூரத்தை அளக்கலாம். நியூசிலாந்து 1978 முதல் டீசல் வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் தூரக் கட்டணம் வாங்குகிறது. தூரமானி காட்டும் எண்ணை வைத்து முன்கூட்டியே கிலோமீட்டர்களை வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2015-இல் தொடங்கிய திட்டத்தில் இடமறியும் வசதி இல்லாத கருவியையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே தூரக் கட்டணம் இந்தச் சாலைக்கும் வருமுன் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மொத்தத் தூரம் மட்டும் கருவியை விட்டு வெளியே போகட்டும். கட்டணம் தீர்ந்ததும் பயண விவரம் அழியட்டும். வண்டி யார் பெயரில் இருந்தாலும், செய்தி ஓட்டுகிறவரின் எண்ணுக்குப் போகட்டும். சாலைக்குரிய பணத்தை நாம் கட்டிவிடுவோம். எங்கே போனோம் என்ற கணக்கை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.