நெகிழ்தற்காப்பு (நீர்வாழ் சிற்றுயிர்களில்)

நெகிழ்தற்காப்பு: கொன்றுண்ணி அருகில் இருப்பதை உணரும்போது மட்டும் உடலிலோ நடத்தையிலோ தோன்றும் தற்காப்பு. நீர்த்தெள்ளு, சக்கர உயிரி, தலைப்பிரட்டை, சிறுமீன் ஆகியவற்றில் பரவலாகக் காணப்படுவது. முள் வளர்க்க உணவு செலவாகும். பதுங்கிக் கிடந்தால் மேய்ச்சல் குறையும். ஆகவே ஆபத்து வந்து வந்து போகும் நீர்நிலைகளில்தான் இயற்கைத் தேர்வு இந்த நெகிழ்வை வளர்க்கிறது என்பது பொதுவான கருத்து.

ஜெர்மானியரான ரிச்சர்ட் வோல்ட்டெரெக், டாஃப்னியா நீர்த்தெள்ளின் தலைக்கவசம் உணவுக்கேற்ப உயரம் மாறுவதை 1909-ல் காட்டினார். 1952-ல் போல் தெ போஷான், அஸ்பிளாங்னா என்னும் கொன்றுண்ணி வாழ்ந்த நீரில் வளர்ந்த பிராக்கியோனஸ் சக்கர உயிரிகளின் குஞ்சுகளுக்கு நீண்ட முள் முளைப்பதைக் கண்டார். அந்த முள்ளால் விழுங்குவது கடினமாகிறது.

தேர்வு நடந்ததற்கு நேரடிச் சான்று பெல்ஜியத்தின் அவுட் ஹெவெர்லே குளத்திலிருந்து கிடைத்தது. அங்கே மீன் முதலில் குறைவாகவும், 1970களின் பிற்பகுதியில் மிகுதியாகவும், பின்னர் மீண்டும் குறைவாகவும் இருந்தது. டாஃப்னியா இடும் உறங்குமுட்டைகள் அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பவை. அடுக்கடுக்காகச் சேற்றை எடுத்து, மூன்று காலத்து முட்டைகளையும் ஆய்வாளர்கள் பொரிக்க வைத்தனர். மீன் வாடை கலந்த நீரில் விட்டபோது, மீன் மிகுந்த காலத்து முட்டைகளிலிருந்து வந்தவை ஒளியை விட்டு மற்றவற்றைவிட அதிகமாக விலகின. மீன் குறைந்த காலத்தவற்றில் அந்த மாற்றம் தளர்ந்திருந்தது. 2001-ல் வெளியான இந்த ஆய்வில் மறைந்துபோன தலைமுறைகளே உயிரோடு வந்து விடை சொல்லின. இத்துறையில் இதற்கு நிகரான சான்றுகள் மிகச் சில.

இந்தியாவில் தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் மொகாலி, சைதாப்பூர், ஷன்பாக் ஆகியோர் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தனர். தன் இனத்தைத் தின்ற கொன்றுண்ணியின் வாடை கலந்த நீரில் வெண்கலத் தவளையின் தலைப்பிரட்டை நீந்துவதைக் குறைத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்த கொன்றுண்ணியின் வாடையை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

வளைகுடா: ஐக்கிய அரபு அமீரகத்தில் இயல்பாக வாழும் இருவாழ்விகள் இரண்டு: அரேபியத் தேரை (ஹைடன், 1827), தோஃபார் தேரை (பார்க்கர், 1931). ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் சுமார் 100 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. தோஃபார் தேரை வறட்சியில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்ததும் வெளிவந்து முட்டையிடும். ஹஜர் மலையின் வாடிகளில், அதாவது காட்டோடைப் பள்ளங்களில், தேங்கும் நீரில் தலைப்பிரட்டைக்கு இரண்டு ஆபத்து. வற்றும் குட்டை விரைந்து வளரச் சொல்கிறது. தட்டான் பூச்சியின் நீர்ப்புழு அடங்கிக் கிடக்கச் சொல்கிறது. எதன் கை ஓங்கும் என்பது குட்டையின் ஆயுளைப் பொறுத்தது எனலாம்.

தற்காப்பு அல்லாவிட்டாலும், தேர்வு மாறும்போது ஓர் உறுப்பு என்னவாகும் என்ற கேள்வியை எழுப்பும் எடுத்துக்காட்டு ஒன்று இதே மலைத்தொடரில் உண்டு: ஓமானின் அல் ஹூத்தா குகையில் காரா பேரின மீனின் கண்ணற்ற கூட்டம் ஒன்று உள்ளது. பானிஸ்டர் 1984-ல் இதைப் பற்றி எழுதினார். குஞ்சுகளுக்குக் கண் தெரியும்; வளர வளரத் தோல் அதை மூடிவிடும். பயன்படாத கண்ணைத் தேர்வு நீக்கியதா, காக்கும் தேர்வு தளர்ந்ததால் தானே சிதைந்ததா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. குகை மீனுக்கும் வெளி மீனுக்கும் இடையே மரபணு வேறுபாடு இருப்பதை 2011-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இதை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதிலும் வகைப்பாட்டாளர் கருத்து மாறிவந்துள்ளது.

அண்மைக் காலத்தில் அமீரகத்தின் அணைத் தேக்கங்களிலும் ஓடைகளிலும் விடப்பட்ட திலாப்பியா, உள்ளூர்ச் சிற்றுயிர்கள் முன்பு சந்தித்திராத மீன். பழக்கமற்ற வாடைக்குப் பழைய தற்காப்பு கிளம்பாமல் போகலாம். ஆகவே வாடிக்கு வெளியிலிருந்து மீனைக் கொண்டுவந்து விடாதிருப்பது நலம். ஃபுஜைராவின் வாடி வுரையா 2009-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 2010-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.