தோர் கடவுளா? – எட்நூறு வருஷம் முன்னாடி போட்ட ஒரு டிஸ்கி

போன சனிக்கிழமை 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2013ல வந்தது, தோர் வரிசையில ரெண்டாவது. மார்வெல் ரசிகர்கள் கிட்ட கேட்டா "இருக்கறதுலயே சுமாரான படம் இதான்"னு சொல்வாங்க. மறுத்துப் பேச என்கிட்டயும் பெரிசா ஒண்ணும் இல்ல. வில்லன் மாலெகித் வெள்ளை மூஞ்சியோட வர்றார், முறைக்கிறார், போறார். லோகியா நடிச்ச டாம் ஹிடில்ஸ்டன் மட்டும் இல்லன்னா படம் பாதியிலயே படுத்திருக்கும்.

ஆனா இந்தத் தடவை ஒரு வசனத்துல ரிமோட்டை எடுத்து நிறுத்திட்டேன். படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல லோகியை சங்கிலி போட்டு அப்பா ஓடின் முன்னாடி நிறுத்துவாங்க. பூமியை ஒரு நல்ல கடவுளா இருந்து ஆளத்தானே போனேன்னு லோகி கேட்பார். அதுக்கு ஓடின், நாம ஒண்ணும் கடவுள் இல்லப்பா, மனுஷங்க மாதிரியே பிறக்கிறோம், வாழறோம், சாகறோம்கற மாதிரி சொல்வார். லோகி சும்மா இருப்பாரா? என்ன, ஒரு அஞ்சாயிரம் வருஷம் முன்னப் பின்ன இருக்கும்னு நக்கலடிப்பார்.

கேட்டா என்ன தோணும்? ஊர் உலகத்துல யார் மனசும் புண்படக்கூடாதுன்னு ஹாலிவுட்காரங்க உஷாரா எழுதின வசனம்னு தோணும். இருக்கலாம். ஆனா இதே ஓடினையும் தோரையும் பத்தி "இவங்க கடவுள் இல்ல, மனுஷங்கதான்"னு கிட்டத்தட்ட எட்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐஸ்லாந்துல எழுதி வச்சிருக்காங்க. அதுவும் எந்தப் புத்தகத்துல? இந்தப் படத்துல வர்ற பாதிப் பேரை மார்வெலுக்குத் தந்த அதே புத்தகத்துல! நம்ம பதிவுலக பாஷையில சொன்னா அது ஒரு டிஸ்கி. அந்த டிஸ்கி இல்லாம இருந்திருந்தா தோர் நமக்குக் கிடைச்சிருப்பாராங்கறதே சந்தேகம்தான்.

புத்தகத்தோட பேர் 'எட்டா'. எழுதினவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன், 1179ல பிறந்தவர். சாமியாரோ பூசாரியோ கிடையாது; பக்கா அரசியல்வாதி. ஐஸ்லாந்துக்கு அப்ப ராஜா இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை 'ஆல்திங்'னு ஒரு சபை கூடும், அதுக்கு 'சட்டம் சொல்பவர்'னு ஒரு தலைமைப் பதவி. ஸ்னோரி அதுல ரெண்டு தடவை உட்கார்ந்திருக்கார். நிலம், பணம், வழக்கு, சம்பந்தி சண்டைன்னு அவர் வாழ்க்கையை எடுத்தா அதுவே தனி மெகா சீரியல்.

இவர் பேனா எடுத்த காலத்துல (இறகுதான், சும்மா ஒரு பேச்சுக்கு) ஐஸ்லாந்து கிறிஸ்தவ நாடாகி இருநூறு வருஷத்துக்கு மேல ஆயிருந்தது. அந்த மதமாற்றமே ஒரு சுவாரசியமான கதை. கி.பி. 1000 வாக்குல ஆல்திங்ல ரெண்டு கோஷ்டி. ஒரே நாட்டுல ரெண்டு சட்டம் வந்து வெட்டுக்குத்து ஆயிடும்னு எல்லாருக்கும் பயம். முடிவு எடுக்கற பொறுப்பைத் தோர்கெய்ர்ங்கற சட்டம் சொல்பவர் கிட்ட விட்டாங்க. அவர் பழைய சாமியைக் கும்பிடறவர். ஒரு பகல் ஒரு ராத்திரி போர்வையை இழுத்துப் போர்த்திட்டு யார்கிட்டயும் பேசாம படுத்திருந்தாராம். எழுந்து வந்து சொன்ன தீர்ப்பு: எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கிக்கணும். ஆனா குதிரைக்கறி சாப்பிடலாம், வேண்டாத சிசுவைக் காட்டுல விடற பழைய வழக்கம் தொடரலாம், பழைய சாமிக்குப் படையல் வைக்கணும்னா யாருக்கும் தெரியாம வச்சுக்கலாம், சாட்சி இருந்தாதான் தண்டனை. இந்தச் சலுகையெல்லாம் கொஞ்ச வருஷத்துல எடுத்துட்டாங்க.

அப்படியிருக்க, ஒரு கிறிஸ்தவ அரசியல்வாதிக்குப் பழைய சாமிக் கதையில என்ன வேலை? காரணம் பக்தி இல்ல, இலக்கணம்! ஆமா மக்கா, யாப்பிலக்கணம்.

நார்வே ராஜாக்களைப் புகழ்ந்து பாடி சம்பாதிக்கறது ஐஸ்லாந்துப் புலவர்களுக்குப் பரம்பரைத் தொழில். அந்தப் பாட்டுல எதையும் நேரா சொல்ல மாட்டாங்க. தங்கம்னு சொல்லணும்னா 'சிஃப்போட கூந்தல்'னு சொல்வாங்க. சிஃப் தோரோட மனைவி. லோகி விஷமத்துக்கு அவ முடியை மொட்டையா வெட்டிட்டான், தோர் எலும்பை நொறுக்கிடுவேன்னு மிரட்டினதும் குள்ளர்கள் கிட்ட போய் தங்கத்துல முடி செஞ்சு வாங்கிட்டு வந்தான். இந்தக் கதை தெரிஞ்சாதான் அந்தப் பாட்டு புரியும். சாமி போயாச்சு, கதை மறந்துட்டு வருது, பாட்டு மட்டும் இருக்கு. எழுதினவன் வேலையை விட்டுப் போயிட்டான், டாக்குமெண்ட் கிடையாது, கோடு மட்டும் ஓடிட்டிருக்குன்னா எப்படி இருக்கும்? பொட்டி தட்டற நம்ம ஆளுங்களுக்கு அந்த வயித்தெரிச்சல் தெரியும். ஸ்னோரி 1220கள்ல உட்கார்ந்து எழுதினது அந்த டாக்குமெண்டைத்தான்.

1218ல நார்வே போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தார். அங்க ராஜா ஹாகோன் பதினாலு வயசுப் பையன், நிர்வாகம் பண்ணினது ஸ்கூலிங்கற பிரபு. திரும்பி வந்து ரெண்டு பேரையும் புகழ்ந்து 102 பாட்டு எழுதினார், கிட்டத்தட்ட பாட்டுக்கு ஒரு யாப்பு வகை. 'ஹாட்டடல்'னு பேர், யாப்புப் பட்டியல்னு அர்த்தம். எட்டாவோட கடைசிப் பகுதி அது. அதைப் புரிஞ்சுக்க உருவகங்களை விளக்கி ஒரு பகுதி, கதைகளுக்கு ஒரு பகுதி. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு முன்னுரை. நம்ம டிஸ்கி அங்கதான் இருக்கு.

முன்னுரை பைபிள் மாதிரி உலகம் படைச்ச கதையில ஆரம்பிச்சு நேரா ட்ராய் நகரத்துக்குப் போகுது. ஆமாங்க, மரக்குதிரை ட்ராய்தான்! பிரியம் ராஜாவோட பொண்ணு வயித்துப் பேரன்தான் தோர்னு எழுதியிருக்கு. ட்ராய் ஆசியாவுல இருக்கு, அதனாலதான் இவங்களுக்கு 'ஈசிர்'னு பேர்னு ஒரு சொல்லாராய்ச்சி வேற. (மொழியியல்காரங்க தலையில அடிச்சுப்பாங்க.) தோரோட வம்சத்துல பல தலைமுறை தள்ளி ஓடின் பிறக்கிறாராம், வருங்காலம் தெரிஞ்சவராம், கூட்டத்தோட வடக்க வந்து ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன்னு குடியேறினாராம். அவங்க அழகையும் அறிவையும் பார்த்து வடக்கத்தி ஜனங்க அசந்துட்டாங்களாம். அதாவது தோருக்கு ஓடின் அப்பா இல்ல, கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரன் மாதிரி! தொழில்நுட்பத்துல முன்னேறின வேற்றுலகக்காரங்களைப் பார்த்து வைக்கிங்குகள் சாமின்னு நினைச்சுட்டாங்கன்னு மார்வெல் சொல்லுதே, அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வேற்றுக் கிரகத்துக்குப் பதிலா துருக்கி, அவ்வளவுதான். :-)

இந்த முன்னுரையை ஸ்னோரியே எழுதினாராங்கறதுல ஆய்வாளர்களுக்குள்ள சண்டை உண்டு. ஆனா அவர் எழுதினதா சொல்ற நார்வே ராஜாக்கள் வரலாற்றுலயும் இதே கதைதான். அதுல ஓடின் ஸ்வீடன்ல நோய்வாய்ப்பட்டு படுக்கையில செத்துப் போறார். எட்டாவுக்கு உள்ள இன்னொரு பாதுகாப்பும் இருக்கு. எல்லாக் கதையையும் கில்ஃபிங்கற ராஜா மாறுவேஷத்துல போய் மூணு பேர் கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறதா வரும். கடைசியில ஒரு பெரிய சத்தம். பார்த்தா மாளிகையும் இல்ல, ஆளுங்களும் இல்ல, வெட்டவெளியில தனியா நிக்கறார். எல்லாம் மாயை! அதுவும் பத்தலன்னு நடுவுல ஒரு இடத்துல, கிறிஸ்தவங்க இந்தப் பழைய சாமிகளை நம்பக்கூடாது, ஆனா கத்துக்குட்டிப் புலவர்கள் இந்தக் கதைகளை மறந்தும் போகக்கூடாதுன்னு நேராவே சொல்லிடறார். நம்பாதே, மறக்காதே. இந்த ரெண்டு வார்த்தையில ஒரு சமூகத்தோட மொத்தப் புராணமும் பிழைச்சது.

இப்படி ஒருத்தர் இல்லாத ஊர்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. இங்கிலாந்துல குடியேறின சாக்சன்களுக்கும் இதே சாமிகள்தான். தோருக்கு அங்க தூனர்னு பேர். அவரைப் பத்தி ஒரு கதை? ம்ஹும். மிஞ்சினது தர்ஸ்லி மாதிரி சில ஊர்ப் பேரும், கிழமைப் பேரும்தான். ரோமானியர் வாரத்துல ஜூபிடரோட நாளைத் தோருக்குக் கொடுத்து தர்ஸ்டே ஆக்கினாங்க; அதே கிரக வாரம் கிழக்கயும் வந்ததாலதான் நமக்கு அது வியாழக்கிழமை. ஓடினுக்குப் புதன், ஃப்ரிக்குக்கு வெள்ளி. ஜெர்மனிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 772ல சார்லிமேன் சாக்சன்களோட புனிதத் தூணையே சாய்ச்சுட்டார். அவங்க மொழியில இந்தச் சாமிகளோட பேர் எழுதியிருக்கற ஒரு பழைய ஏடு கிடைச்சிருக்கு. என்ன ஏடு தெரியுமா? ஞானஸ்நானத்துல சொல்ல வேண்டிய உறுதிமொழி. தூனரைக் கைவிடறேன், வோடனைக் கைவிடறேன், சாக்ஸ்னோட்டைக் கைவிடறேன். அந்த மூணாவது சாமியைப் பத்தி இன்னிக்கு ஒரு கதைகூடக் கிடையாது. கைவிட்டாச்சு, அவ்வளவுதான்.

மறுபடி படத்துக்கு வருவோம். வில்லன் மாலெகித் 1984ல வால்ட் சைமன்சன் காமிக்ஸுக்காக உருவாக்கினது. ஆனா அவனோட இனமான டார்க் எல்ஃப் எங்கேர்ந்து வந்தது? வெளிச்ச எல்ஃப், இருட்டு எல்ஃப்னு ரெண்டு வகை உண்டுன்னு பழைய நூல்கள்ல ஸ்னோரி மட்டும்தான் சொல்றார், அதுவும் போற போக்குல ஒண்ணு ரெண்டு வரியில. தேவதூதன், சாத்தான்னு கேட்டு வளர்ந்த கிறிஸ்தவ மனசுல வந்த பிரிவினை இதுன்னு நிறைய பேர் சந்தேகப்படறாங்க. வேற இடத்துல அவரே ஸ்வார்ட்டால்ஃப்ஹைம்ல இருக்கறவங்க குள்ளர்கள்னு எழுதியிருக்கார். ஆக, பல கோடி டாலர் படத்தோட மொத்த வில்லன் கூட்டமும் அந்த ஒண்ணு ரெண்டு வரிக்குள்ள அடங்கிடும்.

எனக்கு வருத்தம் என்னன்னா, அந்த ஸ்வார்ட்டால்ஃப்ஹைம்ல நடக்கற அருமையான சமாச்சாரத்தைப் படத்துல கண்டுக்கவே இல்ல. ஃபென்ரிர்னு ஒரு ஓநாய், எந்தச் சங்கிலி போட்டாலும் அறுத்துடும். ஓடின் குள்ளர்கள் கிட்ட ஆளனுப்பி ஒரு கயிறு செய்யச் சொல்வார். பூனை நடக்கற சத்தம், பொம்பளையோட தாடி, மலையோட வேர், கரடியோட நரம்பு, மீனோட மூச்சு, பறவையோட எச்சில். இந்த ஆறையும் சேர்த்துப் பட்டு நாடா மாதிரி செஞ்சு தருவாங்க. பூனை நடந்தா ஏன் சத்தம் வரலன்னு இப்ப புரியுதான்னு கதையிலயே கேள்வி வரும். இப்படி ஒரு ஊரைப் படத்துல வெறும் இருண்ட பொட்டல் காடா காட்டிட்டாங்க. அதை எடுத்தது எங்கன்னா ஐஸ்லாந்தோட எரிமலை மண்ணுல, ஸ்னோரி ஊர்லயே!

படத்தை எட்டாவோட ஒப்பிட்டுக் குத்தம் கண்டுபிடிச்சா விடிஞ்சிடும். தோருக்கு அம்மா பூமிதான், ஃப்ரிக் இல்ல. லோகி தோருக்குத் தம்பி இல்ல. லாஃபெய் லோகியோட அம்மா பேர், அதை ஆண் அரக்க ராஜா ஆக்கிட்டாங்க. இருக்கட்டும். ட்ராய் நகரத்துக்கே கூட்டிட்டுப் போன ஸ்னோரியை மன்னிச்சவங்க மார்வெலை மன்னிக்கலாம்.

ஸ்னோரி கதை நல்லபடியா முடியல. 1237ல மறுபடி நார்வே போனார். ராஜாவுக்கும் ஸ்கூலிக்கும் நடுவுல விரிசல், இவர் ஸ்கூலி பக்கம். ஊருக்குப் போகக்கூடாதுன்னு ராஜா உத்தரவு போட்டும் 1239ல கப்பல் ஏறிட்டார். ஸ்கூலி கலகம் பண்ணி அடுத்த வருஷம் செத்தார். ஸ்னோரியை நார்வேக்கு அனுப்பு, வரலன்னா கொன்னுடுன்னு ராஜா கடிதம் எழுதினது யாருக்கு? கிஸ்ஸூருக்கு. ஒரு காலத்துல ஸ்னோரியோட மாப்பிள்ளையா இருந்தவர். 1241 செப்டம்பர் 23 ராத்திரி ரேய்க்ஹோல்ட் வீட்டைச் சுத்தி வளைச்சாங்க. நிலவறையில ஒளிஞ்சிருந்தவரை அஞ்சு பேர் இறங்கிப் போய் வெட்டினாங்க. வெட்டாதேன்னு சொன்னதுதான் அவர் கடைசிப் பேச்சுன்னு அவர் அண்ணன் மகன் எழுதி வச்சிருக்கார். உத்தரவு போட்ட ராஜா, 102 பாட்டு வாங்கின அதே ஹாகோன். 1262ல ஐஸ்லாந்தே அவர் கையில போச்சு.

புத்தகம் மட்டும் தப்பிச்சது. அதோட மூலமான பழைய பாட்டுகளைத் தாங்கின தனித் தோல் சுவடி ஒண்ணு, 45 ஏடு, 1643ல ஒரு பிஷப் கையில கிடைச்சது. அவர் 1662ல டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பிட்டார். 1971 ஏப்ரல் 21ல டென்மார்க் போர்க்கப்பல் ஒண்ணு அதைத் திருப்பிக் கொண்டு வந்தப்ப ரேய்க்யாவிக் துறைமுகத்துல பெரும் கூட்டம்.

மறு வருஷமே, 1972ல, சில பேர் சேர்ந்து பழைய சாமிகளைக் கும்பிட ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1973ல அரசாங்க அங்கீகாரமும் கிடைச்சது. இன்னிக்கு அதுல சில ஆயிரம் பேர் இருக்காங்க. அதுக்கு முதல் தலைமைப் பூசாரி ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன், ஆடு மேய்ச்ச விவசாயி, பழைய யாப்புல பாடற புலவர். 1953ல அவர் போட்ட யாப்பிலக்கணப் புத்தகத்தோட தலைப்புலயும் அந்த வார்த்தை இருக்கு: 'ஹாட்டடல்'.