மின்சாரம் போன ஊரில் நின்ற இதயங்கள்

ஆனையிறவு உப்பிலிருந்து மின்சாரத்தின் மூலம் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த ஊர், இலங்கையின் வடக்கில் வன்னியிலுள்ள பரந்தன். அந்த இரசாயனத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த 1960இல், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்ற மூவர், நெஞ்சைத் திறக்காமல் கைகளால் அழுத்தியே நின்ற இதயத்தை மீட்கலாம் என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய 20 நோயாளரில் 14 பேர் பிழைத்தனர். 1962இல் பேர்னார்ட் லவுன் நேரோட்ட மின்னதிர்ச்சிக் கருவியைக் கொண்டுவந்தார். பெரிய மருத்துவமனைகளில் மின்சாரமும் கையும் இவ்வாறு ஒன்றுசேர, வன்னியில் நடந்தது நேர்மாறு. உள்நாட்டுப் போர் தொழிற்சாலையை அழித்தது, மின்கம்பிகளையும் அழித்தது. அரசின் பொருளாதாரத் தடையில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் கட்டுப்பாடு. வைத்தியசாலைகள் ஜெனரேற்றரை நம்பியே இருந்தன.

கருவி இல்லாததால்தான் வன்னியில் இதயம் நின்றவர்கள் மீளவில்லை என்று சொல்வது எளிது. அது பாதி உண்மைதான். குறித்த சில துடிப்புக் கோளாறுகளுக்கு மின்னதிர்ச்சியைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறையும். ஆனால் வைத்தியசாலைக்குள் நிற்கும் இதயங்களில் பெரும்பான்மை மின்னதிர்ச்சிக்கு மசியாதவை. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விடுதியில் இதயம் நின்ற 64 பேரில் 54 பேரிடம், அதற்கு முந்திய 8 மணி நேரத்துக்குள்ளேயே உடல்நிலை சரிவது பதிவாகியிருந்தது. மூச்சு வேகம் கூடியிருக்கும், அறிவு தடுமாறியிருக்கும். அவற்றைக் கவனிக்க மின்சாரம் வேண்டாம். கட்டிலருகே கண்ணும் கையும் பழகிய ஒரு தாதி வேண்டும்.

அந்தத் தாதியும் போதிய அளவில் இல்லையே என்று கேட்பது நியாயம். வன்னிக்கு மறுக்கப்பட்டவற்றில் ஆளணியைத்தான் நான் முதலில் வைப்பேன், இயந்திரத்தை அதற்குப் பிறகே. 2008 இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. 2009 ஜனவரியின் தொடக்கத்தில் பரந்தன் இராணுவத்தின் கைக்குப் போனது. அதன்பின் மருத்துவம் அதே வீதியில் இன்னும் கிழக்கே ஒதுங்கியது. கட்டடத்தையும் கருவியையும் விட்டுவிட்டுப் போகலாம், காயப்பட்டவரைப் பார்க்கும் ஆட்களை விட்டுவிட்டுப் போக முடியாது. 2018இல், 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வடக்குக்கும் வந்தது. நோயாளி வேகமாக வாசலுக்கு வந்து சேர இப்போது வழி உண்டு. வாசலுக்கு உள்ளே, இரவு விடுதியில் எத்தனை பேருக்கு ஒரு தாதி என்ற கணக்கை எந்த அம்புலன்ஸாலும் மாற்ற முடியாது.