பிராங்கிளினின் கணப்பு

இடிதாங்கியைக் கண்டவர் என்றே பெஞ்சமின் பிராங்கிளினை நாம் பள்ளிநாளில் படித்தோம். மின்னலுக்கு முன்பே அவர் புகையோடு மல்லாடினார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பென்சில்வேனியாவில் ஆங்கிலேயக் குடிகள் திறந்த கணப்பருகே அமர்ந்தே குளிர் காய்ந்தனர். சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போயிற்று. எரியும் தீ அறைக்காற்றை மேலே இழுக்க, கதவிடுக்குகளில் பனிக்காற்று நுழைந்தது. முகம் வெந்தது, முதுகு விறைத்தது. முன்னர் வீட்டு வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு ஏறத்தாழ 100 மைல் தொலைவிலிருந்து கொணர வேண்டியுள்ளது என்று 1744-இல் பிராங்கிளின் எழுதினார். விறகுச் செலவு குடும்பங்களை அழுத்திற்று.

அங்குக் குடியேறிய ஜெர்மானியர் வேறு வழி கண்டிருந்தனர். வார்ப்பிரும்புத் தகடுகள் ஐந்தைப் பெட்டியாகப் பூட்டிச் சுவரோடு இணைப்பர். சுவருக்கு அப்பாலிருந்து, துளை வழியே விறகிடுவர். புகையும் அவ்வழியே திரும்பும். அமரும் அறையில் சூடு மட்டும் உண்டு, புகை இல்லை. அத்தகடுகளிலே ஆதாம் ஏவாள், காயின் ஆபேல், கானாவூர்த் திருமணம் முதலிய காட்சிகளை வார்த்தனர். மறைக்கல்வி புகட்டிய அடுப்பு என்னலாம்! இவற்றைத் தேடித் திரட்டிய ஹென்றி மெர்சர், 1914-இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'இரும்பில் விவிலியம்' என்றே பெயரிட்டார். குளிர்கால இரவுகளில் அவ்வீட்டுக் குழந்தைகள் காயினின் ஓங்கிய கையைப் பார்த்தபடியே உறங்கியிருப்பரோ என நாம் எண்ணுவதுண்டு.

பிராங்கிளினுக்கு அவ்வடுப்பில் இரு குறைகள் தோன்றின: தீயைக் காண இயலாது, புதுக்காற்றும் வராது. எனவே 1740-களின் தொடக்கத்தில், முன்புறம் திறந்த இரும்புக் கணப்பொன்றை அமைத்தார். தீக்குப் பின்னே உள்ளீடற்ற காற்றுப்பெட்டி. புகை அதன் உச்சியைத் தாண்டி, பின்புறமாகக் கீழிறங்கி, தரையடியே சென்று, பிறகே புகைபோக்கியை அடையும். கீழிருந்து பெட்டிக்குள் ஏறும் வெளிக்காற்று சூடாகி அறைக்குள் பரவும். தகடுகளை வார்த்துத் தந்தவர் நண்பர் ராபர்ட் கிரேஸ்.

ஆளுநர் தாமஸ் விற்பனைத் தனியுரிமை வழங்க முன்வந்தார். பிராங்கிளின் மறுத்தார். பிறர் கண்டவற்றால் நாம் பயன் பெறுவதால், நாம் காண்பதையும் விலையின்றித் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. இலண்டன் இரும்பு வணிகர் ஒருவர் அதைச் சிறிது மாற்றி, உரிமம் பெற்று, பொருள் ஈட்டினார்.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. மூல அடுப்பு சரிவர இயங்கவில்லை. சூடான புகையின் இயல்பு மேலேறுவது. அதைக் கீழே இறக்கினால் குளிர்ந்து, இழுப்புக் குன்றும். தீ சற்றே தணிந்தாலும் புகை அறைக்கே திரும்பும். தனியுரிமை இல்லாமையால் எவரும் அதைத் தடையின்றித் திருத்த முடிந்தது. வானியலறிஞர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் போன்றோர் புகைவழியை மேல்நோக்கித் திருப்பினர். பிற்காலத்தில் 'பிராங்கிளின் அடுப்பு' எனும் பெயரில் விற்றவை பெரும்பாலும் அவர் வரைந்த வளைவழி அற்றவையே.

இன்றும் விறகடுப்பு பொருத்துவோர் முதலில் நோக்குவது, புகைக்குழாய் இயன்றவரை நேரே ஏறுகிறதா என்பதையே. அடுத்து விறகு. ஈரவிறகின் புகை குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். ஒருநாள் அதுவே தீப்பற்றும். ஆதலால் பிளந்த விறகை ஓராண்டேனும் காயவிட்டு, ஆண்டுதோறும் குழாயைத் துடைக்கின்றனர்.