பெத்லகேமின் 40 சதவீதம்: ஓய்வுக் கழிவு பற்றி ஒரு மறுவாசிப்பு

ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் எழுதிய ஷ்மிட் கதை பலருக்கும் தெரிந்ததே. பெத்லகேம் உருக்காலையில் நாளுக்கு 12.5 டன் இரும்புப் பாளம் ஏற்றிவந்த ஷ்மிட் என்ற கூலியாள் 47.5 டன் ஏற்றினார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. இக்கதை ஆவணங்களோடு ஒத்துவரவில்லை என்று 1974இல் ஆய்வாளர்கள் ரெக், பெரோனி இருவரும் நிறுவினார்கள். ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். டெய்லர் விவரிக்கும் ஆய்வு அவர் சொன்னபடி நடக்கவில்லை. இதுவரை அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கில்லெஸ்பி, வோல் என்ற இரு மேற்பார்வையாளர்கள் 1899 ஜூனில் அளித்த அறிக்கையிலுள்ள 40 சதவீத ஓய்வுக் கழிவை ரெக்கும் பெரோனியும் ஆதாரமற்ற எண் என்று தள்ளுவதை ஏற்க முடியவில்லை. பிழை அங்கே இல்லை. அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது.

அறிக்கையின் கணக்கு இது: பொறுக்கி எடுத்த பத்துப் பேர், முழு வேகத்தில், 16.5 டன்னை ஏறத்தாழ 14 நிமிடத்தில் வண்டியில் ஏற்றினார்கள். அதைப் பத்து மணி நேரத்துக்குப் பெருக்கி ஆளுக்கு 75 டன் என்றார்கள். ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவீதம் கழித்தபின் நின்றது 45 டன். நாமே போட்டுப் பார்க்கலாம். சரியாக 14 நிமிடம் என்றால் ஆளுக்கு 71 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 75 வர வேண்டுமானால் நேரம் 13 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். முக்கால் நிமிட வேறுபாடு நாளுக்கு நாலு டன்னாகி, ஒவ்வொருவர் முதுகிலும் ஏறுகிறது. கால் மணி நேரம்கூட நீடிக்காத ஓர் ஓட்டத்தை நாள் முழுதுக்கும் நீட்டியதுதான் அடிப்படைக் கோளாறு.

40 சதவீதம் எப்படி வந்தது என்று அறிக்கை விளக்கவில்லை. விளக்கம் இல்லை என்பதால் காரணமே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். களத்தில் நின்று ஆள் களைப்பதைக் கண்ணால் பார்த்தவர்களின் கணிப்பு அது என்றே நான் கொள்கிறேன். நேரடிச் சான்று இல்லைதான். ஆனால் 92 பவுண்டுப் பாளத்தைச் சுமப்பவன் நாளில் 43 சதவீத நேரமே சுமையோடு இருக்கலாம் என்று டெய்லர் பின்னர் சொன்ன விதியிலிருந்து இந்தக் கழிவு பிறந்திருக்க முடியாது. வேலை நேரம் 60 சதவீதம். அதில் 43 சுமையோடு என்றால், வண்டிக்குச் சாய்த்த பலகையில் ஏறிப் பாளத்தைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப மிஞ்சுவது 17தான். சரிவில் சுமையோடு ஏறுவது மெதுவாக நடக்கும் என்று வைத்தாலும் இடிக்கிறது. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். விதியைக் கணித்தவர் கார்ல் பார்த் என்கிறார் டெய்லர். எந்த ஆண்டில் என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அறிக்கைக்குப் பிந்தியது என்றே தோன்றுகிறது.

45 டன்னை நாள்தோறும் எட்டியவர்கள் நோலைப் போன்ற வெகு சிலரே. கழிவு தாராளமாக இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது. பத்துப் பலசாலிகளின் வேகத்தை எல்லாருக்கும் அளவுகோலாக்கியதால் நேர்ந்தது. பிற்கால நேர ஆய்வு இதைத் திருத்த முயன்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957இல் வெளியிட்ட பணி ஆய்வுக் கையேட்டில், கவனித்த ஆளின் வேகத்தை முதலில் மதிப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஓய்வுக் கழிவு வருகிறது. பெத்லகேமில் அந்த முதல் படியே இல்லை. ரெக்கும் பெரோனியும் டெய்லரின் நேர்மையை விசாரித்த அளவுக்கு இந்த விடுபட்ட படியை விசாரிக்கவில்லை என்பதே என் முறையீடு.